இரண்டாவது சங்கிலிப் பை

அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. மறதியால் அல்ல. நீ வாசித்த பிறகு வதனியும் வாசிக்க வேண்டும். அவளுடைய அம்மாவும் அப்பாவும் வாசிக்க வேண்டும். அப்பாவின் செத்த வீட்டுக்கு வந்து எங்கள் முன்னறையில் இருந்து கதைத்தவர்களில் யார் கேட்டாலும் நீ இதைக் காட்டலாம். ஆறு வருடங்களாக ஒரு பொய்யை நான் எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையை மட்டும் உன் காதுக்குள் சொல்வது முறையாகாது.

பனி கொட்டி லண்டனில் பேருந்துகளே நின்றுபோன அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்து வந்த ஞாயிறு, நீ ஸ்ட்ரெதமில் இருந்து புதுக் காரைக் காட்டுவதற்காகக் குடும்பத்தோடு வந்தாய். நடைபாதை ஓரங்களில் பனி இன்னும் அழுக்காகக் குவிந்து கிடந்தது. வருகிற வெள்ளிக்கிழமை வதனியின் தங்கையின் கலியாணத்துக்கு நீங்கள் மூன்று பேரும் இந்தக் காரில்தான் சுவிசுக்குப் போகிறீர்கள் என்றாய். அதே ஊர், அதே மலை, அப்பா கடைசியாகப் போன அதே பாதை. நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பனியில் சக்கரத்துக்குக் கட்டுகிற சங்கிலி வாங்கினாயா என்று. நீ காரின் முகப்பில் உள்ளங்கையால் தட்டினாய். "அம்மா, இது நாலு சக்கரமும் இழுக்கிற கார். செயின் கட்டச் சொல்லுற அந்த நீலப் போர்டுக்குக் கீழையே இந்த மாதிரிக் காருக்குத் தேவையில்லை எண்டு சின்னப் பலகை கிடக்கு" என்றாய். நான் முகத்தைத் திருப்பியதைப் பார்த்துவிட்டு இரங்கி வந்தாய். "சரி, உங்களுக்காக ஒரு சோடி வாங்கி டிக்கியிலை போடுறன். அப்பா மாதிரி மறந்துபோட்டுப் போகமாட்டன், பயப்பிடாதேங்கோ."

நீ அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அப்பாவின் மறதி நம் வீட்டில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. திறப்பைத் தொலைத்தால், அடுப்பில் பாலை விட்டுவிட்டு வந்தால், நீ சிரித்துக்கொண்டு அப்பாவின் பெயரைச் சொல்வாய். துக்கத்தைத் தாங்குவதற்கு நீ கண்டுபிடித்த வழி அது என்று நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் அன்று ஆரணி காரில் இருந்து இறங்கியபோது அவளுடைய கையுறை ஒன்றைக் காணவில்லை. நான் எங்கே என்று கேட்டேன். நாலு வயதுப் பிள்ளை இரண்டு கையையும் விரித்து, "ஸாரி அப்பம்மா, ஐ டிட் அன் அப்பப்பா" என்றாள், அப்பப்பா மாதிரி மறந்துவிட்டாளாம். நீ சிரித்தாய். நான் உள்ளே போய்க் கேத்தலை வைத்தேன். வதனி என் பின்னால் வந்து, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மாமி, நான் மாமாவை மூண்டு தரந்தான் கண்டிருக்கிறன். எங்கடை வீட்டுக்கு வந்தா வாசல்லை வைச்ச குடையைக்கூட மறக்கமாட்டார். அவர் மறந்தவர் எண்டு எனக்கு ஒருநாளும் படேல்லை."

அவள் சொன்னது சரி. அவர் மறக்கவில்லை, மகன். அப்பா எதையும் மறக்கவில்லை. இரண்டாவது சங்கிலிப் பையைக் காரில் இருந்து எடுத்து வைத்தவள் நான்.

எழுதிவிட்டேன். இனி, ஒழுங்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

சுவிசில் நாங்கள் இருந்த காலம் உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். அப்பா மலைமேல் இருந்த ஒரு ஹோட்டலின் வான் வண்டியை ஓட்டினார். கீழே ரயில் நிலையத்துக்குப் போய், விருந்தாளிகளையும் அவர்களுடைய பனிச்சறுக்குக் கட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வருவது வேலை. பதினொரு குளிர்காலம் அந்தப் பாதையில் ஏறி இறங்கினார். ஒரு கீறல் இல்லை. சங்கிலி கட்டும்போது அவரைப் பார்த்திருக்கிறேன். பனிமேல் சாக்கை விரித்து, முழங்காலில் நின்று, சங்கிலியை உதறிச் சிக்கு எடுத்து, சக்கரத்தின் பின்னால் கையை விட்டுக் கொளுவியைத் தேடுவார். கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், விரல்தான் பார்க்கும். கட்டியதும் புறப்பட்டு, கொஞ்சத் தூரம் போனதும் நிறுத்துவார். இறங்கி, தளர்ந்த இடத்தைத் திரும்ப இறுக்குவார். எனக்கு அது பிடிக்காது. ஒரு வேலையை முதல் தரமே சரியாகச் செய்தால் இரண்டாம் தரம் எதற்கு என்பேன். "சில்லு உருண்டாத்தானப்பா சங்கிலி தன்ரை இடத்திலை போய் இருக்கும்" என்பார்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கொன்வென்ற்றில் படித்தவள். மேசை விரிப்பின் மடிப்பு நேராக இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவர், அவருடைய ஆங்கிலம் கடை ஆங்கிலம், ஜெர்மன் வான் ஜெர்மன். கடிதங்களை நான்தான் வாசிப்பேன், படிவங்களை நான்தான் நிரப்புவேன். உனக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும் என்று லண்டனுக்கு வரச் சொன்னவளும் நான்தான். அவர் வந்தார். மலையை விட்டுவிட்டு, வால்தம்ஸ்டோவுக்கும் ஈஸ்ட் ஹாமுக்கும் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறிப் பெட்டி இறக்கினார். எங்கள் வீட்டில் ஒரு விடயம் எழுத்தில் இருந்தால் அதில் நான் சொல்வதே முடிவு. கையால் செய்கிற விடயம் என்றால் அவர் சொல்வது முடிவு. அந்த எல்லையை அவர் ஒருநாளும் மீறவில்லை.

லண்டனில் இந்தக் கிங்ஸ்பரி வீட்டுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு டிசம்பர் முதல் கிழமையும் வீட்டுக்கு முன்னால், காய்ந்த தெருவில், சாக்கை விரித்துச் சங்கிலி கட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் பனி எங்கே என்று கேட்டுச் சிரிப்பார். எனக்கு வெட்கம். யன்னல் திரையை இழுத்து விடுவேன். இது என்ன கூத்து என்று ஒரு முறை கேட்டேன். "கை மறக்கக் கூடாது" என்றார். மறதி என்ற சொல்லை அவர் அப்படித்தான் பாவித்தார். அவர் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

பிறகு உன் கலியாணம் வந்தது, சுவிசில், வதனியின் மலையூரில். கார் வேண்டும் என்றபோது, நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பழைய காரை அவரே தேடி வாங்கினார். விற்றவன் இதற்கு எந்தப் பனியும் ஒன்றும் செய்யாது என்று சொல்லியிருக்கிறான். அப்பா வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சங்கிலி இரண்டு சோடி வாங்கினார், முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மஞ்சள் நிறப் பையில். நான் காரின் கைநூலை எடுத்து வாசித்தேன். முன் சக்கரங்களுக்கு ஒரு சோடி போட வேண்டும் என்று அதில் இருந்தது. அதை அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார். "புத்தகம் சரி. ஏறுறதுக்குக் காரே காணும். இறங்கேக்கை முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. அப்ப எது முன்னாலை வரும்?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் கோபம் வந்தது.

நீ வதனி வீட்டாருக்கு உதவுவதற்காக இரண்டு நாள் முன்னதாகவே விமானத்தில் போய்விட்டாய். கூறைச்சேலை, தாலிக்கொடி, பலகாரத் தகரங்கள், மாப்பிள்ளை வீட்டுத் தட்டங்கள் எல்லாம் எங்களோடு காரில். நான் பட்டியல் எழுதினேன். பொருட்களின் பெயர், எண்ணிக்கை, எந்த மூலையில் வைப்பது என்று எல்லாம். அவர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து முதல் நாள் பின்னேரமே டிக்கியை அடுக்கினார். காலையில் அவர் குளிக்கப் போன நேரம் நான் போய்ப் பார்த்தேன். கூறைப் பெட்டி, பலகாரத் தகரத்துக்கும் ஒரு மஞ்சள் பைக்கும் நடுவில் சாய்ந்து கிடந்தது. அந்தப் பையின் வெளிப்பக்கத்தில் எண்ணெய்க் கறை. கூறைக்குப் பக்கத்தில் எண்ணெய்ப்பட்ட இரும்பு. பொம்பிளை வீட்டார் டிக்கியைத் திறந்து பெட்டியை எடுக்கும்போது அவர்களுடைய பெண்டுகள் மூக்கைச் சுளிப்பதை நான் மனக்கண்ணால் கண்டேன். சுவிசில் பத்து வருடம் முன்னால் எங்களை ஹோட்டல் சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில் பார்த்தவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்கள். லண்டனில் இருந்து வருகிறவர்களின் கூறையில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இரண்டாவது பையை எடுத்தேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலுமாரியில், தூசி உறிஞ்சும் மிசினுக்குப் பின்னால் வைத்தேன். கூறைப் பெட்டி நேராக அமர்ந்தது.

பிறகு, என் வழக்கப்படி, பட்டியலைத் திருத்தினேன். எங்களுக்குக் கொன்வென்ற்றில் ஒரு சிஸ்ரர் சொல்லித் தந்தது: எழுதியது பிழையென்றால் கிறுக்கி அழிக்கக் கூடாது. அடிமட்டத்தை வைத்து ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது வாசிக்கத் தெரிய வேண்டும். "சங்கிலிப் பை" என்பதற்கு நேரே இருந்த இரண்டைக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் ஒன்று என்று எழுதினேன்.

வீட்டுக் கதவைப் பூட்டும்போது அவர் கேட்டார். "இஞ்சரப்பா, செயின் ரெண்டும் இருக்கோ?"

நான், "எல்லாம் லிஸ்ற்றின்படி இருக்கு" என்றேன்.

பொய் சொல்லவில்லை பார். ஒரு சொல்லும் பொய் இல்லை. எழுத்தில் இருந்தால் அவர் கேள்வி கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் டிக்கியைத் திறந்து பார்க்கவில்லை.

கப்பல், பிரான்ஸ், பாசல் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாள் மத்தியானம் கடந்து மலையடிவாரப் பெட்ரோல் நிலையத்துக்கு வந்தோம். பனி நேராகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. அப்பா இறங்கி, சாக்கை எடுத்து விரித்தார். டிக்கியைத் திறந்தார். ஒரு பையை எடுத்து வெளியே வைத்தார். மற்றதற்காகத் தகரங்களை நகர்த்தினார். கூறைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அப்படியே நின்று, திறந்த டிக்கிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் அதைத் தாங்கியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் பெட்ரோல் நிலையத்துக்குள் போய் விசாரித்தார், எங்கள் ரயரின் அளவுக்கு அங்கே சங்கிலி இல்லை. திரும்பி வந்து கையுறையைக் கழற்றி உனக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். உனக்கு அவர் சொன்னதை நீயும் மறந்திருக்கமாட்டாய். "தம்பி, ஒரு சோடிதான் கிடக்கு. மற்றதை நான் வீட்டை மறந்துபோட்டு வந்திட்டன்." நீ அந்தப் பக்கம் சிரித்தது எனக்குக் கேட்டது. பதினொரு வருட டிரைவர் சங்கிலியை மறந்தாரா என்று கேலி செய்தாய். அவரும் சிரித்தார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

அங்கேயே நில்லுங்கள், வதனியின் அப்பா ஜீப்பைக் கொண்டுவந்து இரண்டு மணித்தியாலத்தில் ஏற்றிக்கொள்வார் என்றாய். அப்பா சம்மதிக்க இருந்தார். நான் போனை வாங்கி, தேவையில்லை, நாங்களே வருகிறோம் என்றேன். இதுவும் என் வேலைதான், மகன். மாப்பிள்ளை வீட்டார் பெட்ரோல் நிலையத்தில் பெட்டியோடு நின்று, பொம்பிளையின் தகப்பன் வந்து ஏற்றிக்கொண்டு போவதா. கூறை பொழுது படுவதற்கு முன் வீட்டுக்குள் போக வேண்டும் என்று அய்யர் குறித்த நேரம் வேறு. நாலு சக்கரமும் இழுக்கிற காருக்கு முன்னுக்கு ஒரு சோடி போதும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். "ஏறும்" என்றார். "இறங்கேக்கைதான்" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன இறக்கம்தான் இருக்கிறது என்றேன் நான். அவர் முழங்காலில் நின்று முன் சக்கரங்களுக்குக் கட்டினார். நூறு யார் தூரம் போனதும் நிறுத்தி, இறங்கி, திரும்ப இறுக்கினார்.

ஏற்றத்தில் கார் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. உச்சியில் அவர் கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டார். இறக்கத்தில் நடக்கிற வேகத்துக்கு மேல் அவர் போகவில்லை, இதை நீ தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது வளைவில் பிரேக்கைத் தொட்டார். மிதிக்கவில்லை, தொட்டார். முன்பக்கம் சங்கிலி கடித்துப் பிடித்த சத்தம் கேட்டது. பின்பக்கத்துக்கு ஒரு சத்தமும் இல்லை. பின்னால் பலகாரத் தகரங்கள் கலகலக்க, காரின் பின்பக்கம் பக்கத்துக்கு வந்தது, பிறகு முன்னுக்கு வந்தது. எது முன்னாலே வரும் என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். லண்டன் கார், ஸ்டியரிங் வலது பக்கம். வலது பக்கந்தான் பாறையில் மோதியது. எனக்கு மணிக்கட்டு முறிந்தது. அவருக்கு முகத்தில் ஒரு காயமும் இல்லை. கூறைப் பெட்டி இருந்த இடத்தில் நேராக இருந்தது. உள்ளே ஒரு மடிப்புக் கலையவில்லை. ஒரு புள்ளி இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பொலிஸ் பெண் வந்து மரியாதையாகக் கேட்டாள், இரண்டாவது சோடி இல்லாமல் ஏன் வந்தீர்கள் என்று. எனக்கு ஜெர்மன் சரியாக வரும், இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். என் கணவர் மறந்துவிட்டார் என்று. அவர் எனக்காகச் சொன்ன பொய்யை, அவர் போன பிறகு, நான் எனக்காகச் சொன்னேன். அந்த இரவல் பொய்யை உனக்கும் சொன்னேன். பிறகு வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொன்னேன். அன்று படுக்கையில் கிடந்து காரின் கைநூலைத் திரும்ப வாசித்தேன், பொலிஸ் என் கைப்பையோடு சேர்த்துக் கொண்டுவந்து தந்திருந்தார்கள். நான் அவருக்கு வாசித்துக் காட்டிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், ஒரு சோடி மட்டும் போட்டால் வளைவிலும் பிரேக்கிலும் மற்ற சோடிச் சக்கரம் வழுக்கும், கவனம் என்று இருந்தது. எழுத்தை நம்பினவள் ஒரு தாளைத் திருப்பவில்லை.

கிங்ஸ்பரியில், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன் ஒருநாள், முன்னறையில் இருந்த ஒரு பெண், பெயர் வேண்டாம், கூறை வீட்டுக்குள் போக முதலே மாப்பிள்ளையின் தகப்பன் போய்விட்டார், அந்தப் பிள்ளையின்ரை ராசி அப்பிடி என்றாள். இன்னும் இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். வதனி உன்னோடு கிரியைகளுக்கு வந்தவள், மாடிப்படியில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றாள். அவள் நின்ற படிக்குக் கீழே அந்த அலுமாரி. அதற்குள் மஞ்சள் பை. எழுந்து போய்க் கதவைத் திறந்து காட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. நான் தேத்தண்ணியை வாங்கிச் சீனி காணாது என்றேன். ஒரு வருடம் கழித்து நீங்கள் கலியாணம் செய்தபோதும் அந்தப் பேச்சுத்தான் பின்னால் வந்தது. அவள் ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. வதனி, நீ இதை வாசிக்கும்போது, எனக்காக ஒரு சமாதானமும் சொல்ல வேண்டாம்.

ஆறு வருடமாக நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் நல்ல சுகம் என்றேன். கவுன்சில் லொறி உப்புத் தூவிக்கொண்டு போகும்போது அதன் பின்னால் தொங்குகிற சங்கிலி தெருவில் இழுபடும் சத்தத்துக்கு நான் கதிரையைப் பிடித்துக்கொள்வேன். பூங்காவில் ஆரணியை ஊஞ்சலில் வைத்து ஆட்ட நான் ஒருநாளும் வந்ததில்லை. அப்பம்மாவுக்கு விளையாட்டுப் பிடிக்காது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஊஞ்சல் இரண்டு சங்கிலியில் தொங்குகிறது, ஆடும்போது அவை முனகும். ஒவ்வொரு முறையும் நான் வீட்டுக் கதவைப் பூட்டும்போது, திறப்பைத் திருப்புகிற அந்த நேரம், எனக்கு இடப்பக்கத்தில், அவர் நின்ற இடத்தில், அவருடைய குரல் கேட்கிறது. செயின் ரெண்டும் இருக்கோ. கோபம் இல்லாத குரல். முதல் வருடம் நான் பதில் சொல்லவில்லை. இப்போது வாய்விட்டு இல்லை என்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நான் தனியாகக் கதைப்பதைக் கண்டுவிட்டு, பிள்ளையோடு போய் இருக்கலாமே என்றார். அவர் நல்ல மனிதர். தனியாக என்று நினைக்கிறார்.

இனி உன் காரைப் பற்றி. நீ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் வெளியே போனேன். உன்னைக் கேட்காமல் உன் காரின் கைநூலை எடுத்தேன், இந்தக் கடிதத்தோடு திருப்பித் தருகிறேன். குனிந்து உன் ரயரின் பக்கத்தில் இருந்த இலக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்து எழுதினேன், நாலு ரயரையும் பார்த்தேன். கைநூலை இந்த முறை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்திருக்கிறேன். எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் சங்கிலி போட இடம் இருக்காது, உன்னுடையதற்கு இருக்கிறது. பக்கத்தை மடித்து வைக்கவில்லை, ஒரு தாள் வைத்திருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பழைய பை உன் ரயருக்குப் பொருந்தாது, அதனால் சரியான அளவில் புதிதாக இரண்டு சோடி எடுப்பித்திருக்கிறேன். கடைக்காரப் பெடியன், வியாழனுக்குள் லண்டன் பனி எல்லாம் கரைந்துவிடும் அன்ரி என்றான். கரையட்டும் என்றேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற கார் உன்னைப் புறப்பட வைக்கும், மகன், நிற்க வைக்காது. இறங்கும்போது எல்லாக் காரும் ஒரே கார்தான். அந்தச் சின்னப் பலகை உன்னைப் பொலிசில் இருந்துதான் விடுவிக்கும், வளைவு பலகையை வாசிப்பதில்லை. வியாழக்கிழமை பகலில், உன் வீட்டுக்கு முன்னால், காய்ந்த தெருவில் நாலையும் ஒருமுறை கட்டிப் பழகு. ஸ்ட்ரெதமில் ஆட்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்க விடு. வதனி யன்னல் திரையை இழுக்கமாட்டாள், அவள் என்னைப் போல் அல்ல. மலையடியில் கட்டு, பனி தொடங்கின பிறகு வளைவில் நின்று கட்டாதே. கொஞ்சத் தூரம் போய் நிறுத்தி, இறங்கி, திரும்ப இறுக்கு. சங்கிலியோடு மெதுவாகப் போ, வெறும் தார் றோட்டு வந்ததும் கழற்று. கலியாண வீட்டுக்குப் பிந்தினால் பிந்தட்டும். யாராவது ஜீப்பில் வந்து ஏற்றினால் ஏறு.

இந்த உறைக்குள் ஒரு தாள் இருக்கிறது. அந்தப் பட்டியல். ஆறு வருடமாக என் தேவாரப் புத்தகத்துக்குள் இருந்தது. கிழித்துப் போட நான் நினைக்காத நாள் இல்லை. பதினேழாவது வரியைப் பார். அடிமட்டம் வைத்து வெட்டிய கோடு, என் கை, என் எழுத்து. கோட்டுக்குக் கீழே இரண்டு என்று இருப்பது இன்னும் வாசிக்கத் தெரியும். அந்த இரண்டை நான் எழுதியது அவர் சொல்லச் சொல்ல. இதை ஆரணி வாசிக்கிற வயதில் அவளிடம் கொடு. அதுவரைக்கும் அவள் எதையாவது தொலைத்துவிட்டு வந்து நின்றால், இனி அவள் சொல்ல வேண்டியது என் பெயரை. அவளுக்கு அதை நீ சொல்லிக் கொடுக்க வேண்டும். எனக்காகச் சொல்லிக் கொடு.

நீ இதை வாசித்த பிறகு என்னோடு கதைப்பாயோ தெரியாது. கதைக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை காலையில் துறைமுகத்துக்குப் போக முதல் கிங்ஸ்பரி வழியாக வா. உனக்கு அது சுற்றுப்பாதை என்று தெரியும். புதுப் பைகள் இரண்டும் வாசலில் இருக்கும். நான் தொடமாட்டேன். நீயே தூக்கி டிக்கியில் வை, கூடவே வதனி தங்கைக்குக் கொண்டுபோகிற பட்டுச்சேலை இருந்தால் அதற்குப் பக்கத்திலேயே வை. கறை பட்டால் படட்டும். பிறகு நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டுவேன். அவர் கேட்பார். எனக்கு மட்டும்தான் கேட்கும், ஆனால் நான் உன்னைத் திரும்பிப் பார்ப்பேன், அதில் இருந்து நீ தெரிந்துகொள். இந்த முறை பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. டிக்கியைத் திறந்து, கையை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, அவருக்குக் கேட்கிற மாதிரி நீ சொல்.

உன் அம்மா